அனுப்புவோர் விலாசத்தின் வரலாறு

வியாபாரக் கடிதம் ஒன்று கைக்கு வந்தால், உறையின் மேலிருக்கும் நம் பெயரை ஒரு தரம் பார்த்துவிட்டு உடனே பிரித்துப் படிக்கத் தொடங்குகிறோம். இடப்புறத்து மூலையிலோ பின்பக்கத்து மடிப்பிலோ சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் அனுப்பியவர் விலாசம் பெரும்பாலும் நம் கண்ணில் படுவதே இல்லை. கடிதம் சேர வேண்டியவரிடம் சேர்ந்துவிட்டால் அந்த விலாசத்துக்கு வேலை இல்லை என்பது மெய்தான். ஆனால் பெறுவோர் இடம் மாறிப் போயிருந்தாலும், கடையை மூடிவிட்டிருந்தாலும், காலமாகிவிட்டிருந்தாலும், வாங்க மறுத்தாலும், அந்தக் கடிதத்துக்கும் அதனுள் இருக்கும் காசோலைக்கும் பத்திரத்துக்கும் அந்த மூன்று நான்கு வரிகளைத் தவிர வேறு துணை கிடையாது. காகிதம் திரும்பி வருவதற்கு வழி வைப்பதோடு அதன் பிரயோஜனம் தீர்ந்துவிடுவதும் இல்லை. நான் இன்னான், இன்ன இடத்தில் இருக்கிறேன், இதனுள் எழுதியிருக்கும் சொல்லுக்கு அங்கே வந்து கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று ஒரு வியாபாரி பகிரங்கமாகக் கொடுக்கும் உத்தரவாதம் அது. அந்த உத்தரவாதம் உறையின் மேல் ஏறிய வரலாறு நீண்டது. வியாபாரத்தில் ஈடுபட்டவர் எவரும் அறிந்திருக்கத் தக்கது.

இன்றைக்குச் சுமார் 3,900 ஆண்டுகளுக்கு முன், டைகிரிஸ் நதிக்கரையில் இருந்த அசூர் நகரத்து வணிகர்கள், இப்போது துருக்கியில் கூல்டெப்பே என்று வழங்கும் மேட்டில் அந்நாளில் செழித்திருந்த கானேஷ் நகருக்குக் கழுதைகளின் மேல் வெள்ளீயமும் துணியும் ஏற்றியனுப்பி, அவற்றுக்கு ஈடாக வெள்ளியும் பொன்னும் பெற்றுவந்தார்கள். அந்த மேட்டில் அகழ்ந்தெடுத்த களிமண் பலகைகள் 20,000க்கு மேற்பட்டவை. அவற்றில் பல, வணிகர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு களிமண் பலகையின் இருபுறமும் ஆப்பு வடிவ எழுத்தால் செய்தியை எழுதி உலர்த்திய பின், அதன்மேல் மெல்லிய களிமண் தகடு ஒன்றைப் போர்த்தி மூடுவார்கள்; அதுவே உறை. அந்த உறையின் மேல் பெறுவோர் பெயரையும் அனுப்புவோர் பெயரையும் எழுதி, அனுப்புவோர் தம்முடைய உருளை முத்திரையை ஈரம் காய்வதற்குள் உருட்டி வைப்பார். உறையை உடைக்காமல் கடிதத்தைப் படிக்க முடியாது. உடைக்காத உறையின் மேல், இது யாரிடமிருந்து வந்தது என்பதற்கு முத்திரையே சாட்சியாக நிற்கும். அசூரில் இருந்துகொண்டு துணி நெய்வித்து அனுப்பிய லமாஸி என்னும் பெண்மணி, கானேஷில் வியாபாரம் செய்த தன் கணவன் பூஷூகேனுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் கிடைத்துள்ளன. உறையின் மேல் அனுப்பியவர் பெயரும் அடையாளமும் இருக்க வேண்டும் என்னும் நியதி, காகிதமும் தபாலும் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்னரே, கணக்கும் கடனும் உள்ள வியாபாரத்தின் தேவையாகவே பிறந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை.

நம் கடற்கரையோடு சம்பந்தப்பட்ட ஓர் உதாரணமும் உண்டு. கெய்ரோ நகரத்தின் பென் எஸ்ரா யூத ஆலயத்து அறை ஒன்றில் பல நூற்றாண்டுகளாகக் குவிந்து கிடந்த காகிதங்களினிடையே, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஏடனுக்கும் மலையாளக் கரைக்கும் மங்களூருக்கும் இடையே நடந்த வியாபாரத்தின் கடிதங்கள் கிடைத்தன. மங்களூரில் பல ஆண்டுகள் தங்கி மிளகும் இரும்பும் பாக்கும் ஏற்றுமதி செய்துவந்த ஆபிரகாம் பென் யிஜு என்னும் வணிகருக்கு, ஏடன் துறைமுகத்தின் பெருவணிகர் மத்மூன் எழுதிய கடிதங்கள் அவற்றில் அடக்கம். அக்கடிதங்களை மடித்தபின் வெளிப்புறத்தில் ஒரு பக்கம் பெறுவோர் பெயரும் மறுபக்கம் அனுப்புவோர் பெயரும் எழுதுவது சம்பிரதாயமாக இருந்தது. கப்பல் மூழ்கலாம், கொண்டுபோகிறவர் நடுவழியில் நோய்ப்படலாம் என்ற அச்சத்தால் ஒரே கடிதத்தைப் பிரதி எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவதும் உண்டு. இந்தக் கடிதங்களை எடுத்துச் சென்றவர்கள் அரசாங்கச் சேவகர்கள் அல்லர். அனுப்புவோரையும் பெறுவோரையும் நேரே அறிந்த வணிகர்களும் மாலுமிகளும் ஆவர். உறையின் மேலிருந்த பெயரோடு, கொண்டுவந்தவரின் வாய்ச்சொல்லும் அனுப்பியவர் யார் என்பதற்குச் சாட்சி கூறியது.

கடிதம் அறிந்தவர் கையிலிருந்து அறியாதவர் கைக்கு மாறியபோதுதான் இந்த விஷயத்தில் சிக்கல் தோன்றிற்று. இந்தியாவில் 1774ஆம் ஆண்டு கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் தபாலைப் பொதுமக்களும் பணம் கொடுத்து உபயோகிக்கலாம் என்று திறந்துவிட்டார். சென்னையில் 1786இல் பொதுத் தபால் நிலையம் ஏற்பட்டது. 1837இல் சட்டத்தின் மூலம் அரசாங்கத் தபால் அமைப்பு உறுதிப்பட்டது. அந்நாளில் கடிதத்துக்கான கூலி தூரத்தைப் பொறுத்தது. கடிதத்தை எழுதியவர் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்த குமாஸ்தாவின் கையில் கொடுக்க வேண்டும். இங்கிலாந்திலோ கூலியைப் பெரும்பாலும் பெறுகிறவரே கொடுத்துக் கடிதத்தை வாங்கிக்கொள்வார். தனி உறை வைத்தால் அதுவும் ஒரு தாளாகக் கணக்காகிக் கூலி இரட்டிக்கும் என்பதால், எழுதிய தாளையே மடித்து, அரக்கு வைத்து ஒட்டி, வெற்றிடத்தில் மேல்விலாசம் எழுதினார்கள். அனுப்பியவர் விலாசம் கடிதத்தின் உள்ளே, ஊரும் தேதியும் எழுதும் முதல் வரியிலேயே அடங்கியிருந்தது.

விலாசத்தில் நேரும் பிழை யாருக்கு நஷ்டம் என்னும் கேள்வி அக்காலத்திலேயே நீதிமன்றம் வரை போயிற்று. 1817 செப்டம்பர் 2ஆம் தேதி, இங்கிலாந்தில் செயின்ட் ஐவ்ஸ் என்னும் ஊரிலிருந்த கம்பளி வியாபாரிகள், வுஸ்டர்ஷயர் மாவட்டத்துப் பிராம்ஸ்குரோவ் ஊரில் இருந்த கம்பளி நெசவுத் தொழிலதிபர்களுக்கு, இன்ன விலைக்கு ஆட்டு ரோமம் தருகிறோம், தபால் திரும்பும்போதே பதில் எழுதுங்கள் என்று கடிதம் போட்டார்கள். ஆனால் மேல்விலாசத்தில் லெஸ்டர்ஷயர் என்று மாவட்டத்தைத் தவறாக எழுதிவிட்டார்கள். கடிதம் சுற்றிச் சுற்றிச் செப்டம்பர் 5ஆம் தேதி இரவு ஏழு மணிக்குத்தான் சேர்ந்தது. பெற்றவர்கள் அன்றிரவே சம்மதம் எழுதித் தபாலில் சேர்த்தார்கள். விலாசம் சரியாக இருந்திருந்தால் பதில் 7ஆம் தேதி வந்திருக்கும் என்று எண்ணியிருந்த விற்பனையாளர்கள், அது வரக் காணாமல், 8ஆம் தேதி அந்த ரோமத்தை வேறொருவருக்கு விற்றுவிட்டார்கள்; சம்மதக் கடிதம் 9ஆம் தேதி வந்து சேர்ந்தது. ஆடம்ஸ் எதிர் லிண்ட்சல் என்று பெயர் பெற்ற இந்த வழக்கில், 1818இல் லண்டன் நீதிமன்றம், சம்மதம் தபாலில் சேர்ந்த கணத்திலேயே ஒப்பந்தம் ஏற்பட்டுவிட்டது, தாமதத்துக்குக் காரணமான விலாசப் பிழையைச் செய்தவர்களே நஷ்டத்தையும் ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவும், சம்மதத்தைத் திரும்பப் பெற முடியாதபடி அனுப்பிய நேரத்திலிருந்து அது முன்மொழிந்தவரைக் கட்டுப்படுத்தும் என்று விதிக்கிறது. பதில் எங்கே வந்து சேர வேண்டும் என்பதைத் தம் கடிதத்தில் பிழையின்றி எழுதும் பொறுப்பும், பதில் வரும் வழியில் விளையும் தாமதத்தின் பாரமும் முன்மொழிகிறவர் தலையில்தான் விழும் என்பதை அந்நாள் முதல் வியாபாரிகள் உணரலானார்கள்.

1837இல் ரௌலண்டு ஹில் எழுதிய தபால் சீர்திருத்தப் பிரசுரமும், 1840 மே மாதம் இங்கிலாந்தில் வெளிவந்த ஒரு பென்னி தபால் தலையும் கடிதப் போக்குவரத்தின் தன்மையையே மாற்றிவிட்டன. கூலியை அனுப்புகிறவரே முன்னதாகச் செலுத்துவது, தூரம் எதுவானாலும் ஒரே கட்டணம், தாள்களை எண்ணாமல் எடையை நிறுப்பது என்ற மூன்று மாறுதல்களும் சேர்ந்து தனி உறையைச் செலவில்லாததாக ஆக்கின. இந்தியாவில் 1854ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்த முறை வந்தது; அக்டோபர் 1ஆம் தேதி முதல், கால் தோலா எடைக்குள் இருக்கும் கடிதம் கன்னியாகுமரியிலிருந்து பெஷாவருக்குப் போனாலும் அரை அணாதான். தபால் தலை ஒட்டிய உறையை யார் வேண்டுமானாலும் தெருவோரத்துத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். கடிதம் எழுதியவரை முகம் பார்த்து அறிந்திருந்த குமாஸ்தா இந்த ஏற்பாட்டில் இல்லை. ஏழைக்கும் எளியவனுக்கும் இதனால் விளைந்த நன்மை அளவிட முடியாதது. ஆனால் முகவரி தெரியாமல் நின்றுவிட்ட கடிதத்தை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்னும் கேள்வியும் இதனோடுதான் பெரிதாயிற்று.

அந்தக் கேள்விக்கு விடை காணும் பொறுப்பு டெட் லெட்டர் ஆபீஸ் என்று வழங்கிய அலுவலகங்களின் மேல் விழுந்தது. லண்டனில் 1784லும், அமெரிக்காவில் 1825லும் இத்தகைய அலுவலகம் முன்னரே தோன்றியிருந்தது. நம் நாட்டிலும் சென்னை முதலிய மாகாணத் தலைநகரங்களில் அவை நடந்து, பிற்காலத்தில் ரிட்டர்ன்டு லெட்டர் ஆபீஸ் என்று பெயர் மாறின. இவற்றின் வேலைமுறையை 1898ஆம் ஆண்டின் இந்தியத் தபால் சட்டம் தெளிவாக வகுத்தது. பெறுவோருக்குச் சேர்க்க முடியாத கடிதத்தை, கூடுமானால் புது விலாசத்துக்கு அனுப்ப வேண்டும். கூடாவிட்டால், ரகசியம் காக்கக் கட்டுப்பட்ட ஓர் உத்தியோகஸ்தர், எழுதியவர் பெயரையும் விலாசத்தையும் கண்டுபிடிப்பதற்காக மட்டும் அதைத் திறக்கலாம் என்று அதன் 38ஆம் பிரிவு கூறியது. அவ்வாறு திறந்தும் யார் என்று தெரியாத கடிதங்களையும் கார்டுகளையும் அழித்துவிட வேண்டும் என்றும், உள்ளே பணமோ கெடாத பொருளோ இருந்தால் ஓராண்டு வைத்திருந்து பின்னர் அரசாங்கத்தின் வரவில் சேர்க்க வேண்டும் என்றும் 39ஆம் பிரிவு விதித்தது. ஒரு வியாபாரி தம் விலாசத்தை உறையின் வெளியே எழுதாததால் விளைந்தது என்ன என்பதை இந்த இரண்டு பிரிவுகளும் சொல்லிவிடுகின்றன: அவருடைய விலைப்பட்டியலையும் கடன் விவரத்தையும் அயலார் ஒருவர் பிரித்துப் படிக்க நேர்ந்தது, அதிலும் விலாசம் இல்லையேல் அது அழிந்துபோயிற்று.

இந்தத் துன்பத்தைத் தவிர்க்கும் வழியை ஒரு சட்டமாகவே முதலில் இயற்றிய நாடுகளுள் அமெரிக்கா ஒன்று. உறையின் மேல் எழுதியவர் தம் பெயரையும் இருப்பிடத்தையும் குறித்திருந்தால், வாங்குவாரின்றி 30 நாள் கிடந்த கடிதத்தையோ, அவர் குறித்த காலம் கழிந்த கடிதத்தையோ, டெட் லெட்டர் ஆபீசுக்குப் போகாமல் நேரே அவருக்கே திருப்பிவிட வேண்டும் என்று 1860இல் அந்நாட்டுச் சட்டம் கூறிற்று. 1865 முதல் அமெரிக்கத் தபால் இலாகா, மொத்தமாக வாங்குகிறவர்களுக்குத் தபால் தலை பதித்த உறைகளின் மேல் அவர்கள் விலாசத்தையும் திருப்பக் கோரும் வாசகத்தையும் அச்சிட்டே விற்றது. பத்து நாளில் சேராவிட்டால் இன்ன கம்பெனிக்குத் திருப்புக என்று உறையின் இடது மேல் மூலையில் அச்சிடும் வழக்கம் அங்கே வியாபாரிகளிடையே வெகுவேகமாகப் பரவிற்று. சேவையாகத் தொடங்கியது அழகாகவும் வளர்ந்தது. தொழிற்சாலையின் சித்திரம், விற்கும் கலப்பையின் படம், வென்ற பதக்கங்கள் எல்லாம் அந்த மூலையில் ஏறின. அந்த அலங்கார உறைகளை இன்று தபால் தலை சேகரிப்போர் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அவற்றை அச்சிட்டவர்களுக்கு அன்று அது விளம்பரம் மட்டுமாக இருக்கவில்லை. கடிதம் சேராத வாடிக்கைக்காரரின் பெயரைப் பேரேட்டிலிருந்து நீக்கவும், கடன் வாங்கியவன் ஊரை விட்டுப் போய்விட்டான் என்பதைக் காலத்தில் அறியவும், திரும்பி வந்த அந்த உறையே அவர்களுக்கு முதல் செய்தி.

இந்தியாவில் இந்த வழக்கத்துக்கு வேகம் கொடுத்தவை, சரக்கைப் பெறும்போது பணம் கொடுக்கும் வி.பி.பி.யும் மணியார்டரும். 1877இல் வி.பி.பி. முறையும், 1880இல் தபால் நிலையத்தின் மூலம் மணியார்டரும் வந்தன. சென்னையிலிருக்கும் கடைக்காரர், தாம் கண்டறியாத சிவகங்கைச் சீமைக் கிராமத்தார் ஒருவருக்குப் புத்தகமோ மருந்தோ கடிகாரமோ அனுப்பலாம். தபால்காரர் பார்சலைக் கொடுத்துப் பணத்தை வாங்குவார். அந்தப் பணம் மணியார்டராகக் கடைக்காரரிடம் வந்து சேரும். இதில் அனுப்புகிறவர் விலாசம் ஓர் எழுத்துத் தவறினாலும், விற்ற சரக்கின் பணமும் வராது, விற்காத சரக்கும் திரும்பாது. ஆனந்த விகடனை 1928இல் வாங்கி வளர்த்த எஸ்.எஸ். வாசன் உட்பட, தபால் மூலம் சரக்கு விற்கும் தொழிலில் கைபழகிய பலர் சென்னையில் அக்காலத்தில் இருந்தார்கள். முகம் தெரியாதவரிடம் பணம் வாங்கும் அத்தொழிலில் விலாசமே கடை. தபால் தலை ஒட்டாமல் வரும் பேரிங் கடிதத்தை வாங்குவோர் மறுத்துவிட்டால், அல்லது அவர் காலமாகியிருந்தால், அந்தக் கூலியை அனுப்பியவரே கொடுக்க வேண்டும் என்று 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு விதித்திருந்தது. அனுப்புவோர் பொறுப்பு என்னும் தத்துவம் இவ்வாறு தபால் சட்டத்திலேயே வேரூன்றியது.

பொறுப்பைப் பெயரோடு பிணைக்கும் இந்தத் தத்துவத்துக்கு, நம் தமிழ் நாட்டு வணிகர்களான நாட்டுக்கோட்டை நகரத்தார் கையாண்ட முறை ஓர் அரிய துணை. ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு என்று கடல் கடந்து லேவாதேவி செய்த அவர்களுடைய ஒவ்வொரு கடைக்கும், முதலாளியின் பெயரும் அவர் முன்னோர் பெயர்களும் தலையெழுத்துகளாகச் சேர்ந்த ஒரு விலாசம் உண்டு. உண்டியல் என்னும் பணமாற்றுச் சீட்டிலும் கணக்கேட்டிலும் கடிதத்திலும் அந்த எழுத்துகளே இடம்பெறும். செட்டிநாட்டுக் கிராமத்தில் இருக்கும் முதலாளியைக் கண்ணால் கண்டிராத ஒரு வியாபாரி, ரங்கூன் மொகல் தெருவில் உண்டியலைக் கையில் வாங்கும்போது, அந்த எழுத்துகளை நம்பியே பணம் கொடுத்தார். தவணைக்குத் தவணை மாறிவரும் மேலாள், தன் சொந்தப் பெயரால் அல்லாமல் முதலாளியின் விலாசத்தாலேயே கையெழுத்திட்டு அந்தக் கடையைக் கட்டுப்படுத்தினார். ஆள் மாறலாம், தெரு மாறலாம்; யார் பதில் சொல்வார் என்பது மாறக்கூடாது என்னும் கொள்கையை நம்மவர்கள் தபால் இலாகாவின் விதியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை.

சட்டம் இந்த வழக்கத்தின் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை, நீதிமன்றங்களில்தான் முழுமையாகத் தெரிகிறது. 1897ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சரியான மேல்விலாசம் எழுதி, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பிய பத்திரம், மாறாக நிரூபணம் ஆகாத வரையில், சாதாரணமாகத் தபால் சேரும் காலத்தில் சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்று சொல்கிறது. 1881ஆம் ஆண்டின் மாற்று முறை ஆவணச் சட்டத்தில் 1988இல் சேர்ந்து, 1989 ஏப்ரல் 1 முதல் அமலான 138ஆம் பிரிவு, காசோலை திரும்பினால் அதைக் கொடுத்தவருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று விதிக்கிறது. அந்த அறிவிப்பை அவர் வாங்காமல் தட்டிக்கழித்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, சரியான விலாசத்துக்கு அனுப்பியதே போதும், மேற்சொன்ன அனுமானம் அங்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2007இல் தெளிவாக்கியது.

அத்தகைய அறிவிப்பு ஒன்று திரும்பிவந்த உறையைச் சற்றே கூர்ந்து பார்க்க வேண்டும். முன்பக்கத்தில் அனுப்பிய நிலையத்தின் முத்திரை, பதிவு எண் ஒட்டு, கட்டணம். பின்பக்கத்தில் சேர்ந்த ஊரின் முத்திரை, சில வேளை இரண்டு மூன்று நாட்களின் முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக. அவற்றின் குறுக்கே தபால்காரர் தம் கையால் எழுதிய குறிப்பு: டோர் லாக்ட், லெஃப்ட், நாட் நோன், ரிஃப்யூஸ்டு, அதன் கீழே தேதியும் அவருடைய சுருக்கொப்பமும். இன்ன நாளில் இன்ன வாசலில் என்ன நடந்தது என்பதை, இரு தரப்பையும் சேராத ஓர் அரசாங்க ஊழியர் அங்கேயே நின்று எழுதிய சாட்சியம் அது. அந்தச் சாட்சியம் வாதியின் கைக்கு வந்து சேர்வதற்கு ஒரே காரணம், அவர் தம் விலாசத்தைச் சரியாக எழுதியிருந்ததுதான். அனுபவமுள்ள வக்கீல்கள், திரும்பி வந்த பதிவுத் தபாலை ஒட்டுப் பிரிக்காமல் அப்படியே கட்டில் வைத்து நீதிமன்றத்தில் தாக்கல் செய்யச் சொல்வதும் இதனால்தான்.

கம்பெனிகளின் விஷயத்தில் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1956ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 147ஆம் பிரிவு, ஒவ்வொரு கம்பெனியும் தன் பெயரையும் பதிவு அலுவலகத்தின் விலாசத்தையும் வெளி வாசலில் எழுதி வைப்பதோடு, வியாபாரக் கடிதங்களிலும் பட்டியல்களிலும் அச்சிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. இப்போது அமலிலுள்ள 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவும் அவ்வாறே விதித்து, கம்பெனியின் அடையாள எண்ணையும் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சல் விலாசத்தையும் அதனோடு சேர்த்திருக்கிறது. பங்குதாரர்களின் பொறுப்பு வரம்புக்குட்பட்டது என்னும் சலுகையைச் சட்டம் கொடுத்த பிறகு, அந்தக் கம்பெனியோடு வியாபாரம் செய்கிறவர்கள் யாரை எங்கே தேடுவது என்பதாவது சந்தேகத்துக்கு இடமின்றி இருக்க வேண்டும் என்பதே இதன் நியாயம்.

பொதுமக்களுக்கு அனுப்புவோர் விலாசம் எழுதும் பழக்கத்தைக் கற்பித்த பெருமை, 1950 அக்டோபர் 2ஆம் தேதி வெளிவந்த இன்லண்ட் கடிதத்துக்கு உரியது. அதன் பின்புறத்தில் அனுப்புவோர் பெயருக்கும் விலாசத்துக்கும் இடம் விட்டே அச்சிட்டிருந்ததால், பள்ளிக்கூடச் சிறுவனும் அந்தக் கோடுகளை நிரப்பினான். 1972 ஆகஸ்ட் 15ஆம் தேதி, ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த ஆறு இலக்கப் பின்கோடு அமலுக்கு வந்தது. முதல் இலக்கம் மண்டலம், முதல் மூன்று இலக்கங்கள் தபால் பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்றும் பட்டுவாடா நிலையம். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் தொடக்க இலக்கம் 6. ராஜாஜி சாலையில் ராபர்ட் சிஷோம் வகுத்த செங்கல் மாளிகையான சென்னைப் பொதுத் தபால் நிலையத்துக்கு 600001. பெறுவோர் விலாசத்தில் பின்கோடை எழுத எல்லோரும் பழகிவிட்டார்கள். அனுப்புவோர் விலாசத்திலும் அதை எழுதினால்தான், திரும்பும் கடிதமும் அதே வேகத்தில் திரும்பும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவு வரலாற்றையும் பார்த்தபின், இன்றைய அலுவலகங்களின் டெஸ்பாட்ச் மேஜையில் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லுவது பொருத்தமாகும். அலுவலகம் வேறு தெருவுக்கு மாறிய பின்னும் பழைய உறைகள் மிச்சம் இருக்கின்றன என்று அவற்றையே உபயோகிப்பது, சிறிய சிக்கனத்தால் பெரிய நஷ்டத்தைத் தேடிக்கொள்வது ஆகும். திரும்பும் கடிதங்கள் அனைத்தும் காலி வாசலுக்குப் போய் நிற்கும். கம்பெனியின் பெயரையும் நகரத்தின் பெயரையும் மட்டும் எழுதி, கதவு எண்ணையும் தெருவையும் விட்டுவிடுவதும் தகாது. பல கிளைகளும் பல பிரிவுகளும் உள்ள நிறுவனம், கடிதம் எந்தப் பிரிவிலிருந்து போயிற்றோ அதன் பெயரையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பிவந்த உறை தலைமை அலுவலகத்தில் யாருடையது என்று தெரியாமல் மூலையில் கிடக்கும். அனுப்புவோர் விலாசத்தை, பெறுவோர் விலாசத்தைவிடச் சிறிய எழுத்தில், அதனிடமிருந்து நன்கு விலகி, இடப்புறத்து மூலையிலோ உறையின் பின்புறத்திலோ இருக்கும்படி அமைக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவில் அருகருகே இருந்தால், அவசரத்தில் சார்ட்டிங் செய்கிறவரின் கண்ணும், விலாசத்தைப் படிக்கும் இயந்திரமும் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டு, கடிதத்தை அனுப்பியவருக்கே பட்டுவாடா செய்துவிட இடமுண்டு. 1902இல் சிகாகோ நகரத்து அமெரிக்கஸ் கல்லகன் காப்புரிமை பெற்ற சாளர உறையை உபயோகிப்பவர்கள், உள்ளிருக்கும் தாள் நகர்ந்து சாளரத்தின் வழியே தம்முடைய லெட்டர்ஹெட் விலாசம் தெரியாதபடி மடிக்க வேண்டும். ரப்பர் ஸ்டாம்பு குத்துகிறவர்கள் மை பரவாமல் குத்த வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, திரும்பி வந்த உறையை மதிக்கும் பழக்கம். அதன் மேலுள்ள குறிப்பையும் தேதியையும் பதிவேட்டில் ஏற்றி, வாடிக்கைக்காரர் விலாசத்தைத் திருத்தி, அவரை வேறு வழியில் விசாரித்தறிந்து மறுபடி எழுதும் அலுவலகமே விலாசத்தை அச்சிட்டதன் பயனை அடைகிறது. திரும்பியவற்றைக் குப்பைக் கூடையில் போடும் அலுவலகம், தன் விலாசத்தை அச்சிட்டும் அச்சிடாததற்குச் சமமே.

விலாசத்தை மறைத்தோ பொய்யாகவோ எழுதும் வியாபாரம் ஒன்றும் எக்காலத்திலும் உண்டு. சரக்கு விற்பனை வரையில் பெரிய எழுத்தில் பெயரைப் போட்டுவிட்டு, புகார் வரும்போது தேடினாலும் கிடைக்காதபடி, ஒரு தபால் பெட்டி எண்ணையோ காலியான அறையின் எண்ணையோ மட்டும் கொடுத்து மறைந்துவிடுகிறவர்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களிடம் ஏமாந்தவர்கள் பணத்தை மட்டும் இழக்கவில்லை; அடுத்த முறை நேர்மையான வியாபாரி ஒருவர் தபாலில் எழுதும்போதும் நம்பத் தயங்கும் மனநிலையை அடைந்துவிடுகிறார்கள். ஒருவர் தம் விலாசத்தில் செய்யும் பொய், அதே தொழிலில் இருக்கும் மற்றவர்களின் நாணயத்திலிருந்தும் ஒரு பங்கைத் திருடிக்கொள்கிறது.

1898ஆம் ஆண்டின் தபால் சட்டம் 2024 ஜூன் 18ஆம் தேதி நீங்கி, 2023ஆம் ஆண்டின் புதிய சட்டம் அதன் இடத்தில் வந்திருக்கிறது. கடிதங்கள் குறைந்து, மின்னஞ்சலும் கூரியரும் வீட்டு வாசலில் இறங்கும் பார்சல்களும் பெருகியிருக்கின்றன. ஆயினும் பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் அனுப்புவோர் விலாசம் இல்லாமல் எந்தச் சரக்கும் திரும்புவதில்லை; அறிவிப்புகளும் ஒப்பந்தங்களும் பல இன்றும் காகிதத்தில் பயணம் செய்கின்றன. ஆதலால் தொழில் தொடங்கும் இளைஞர்கள், பெயர்ப் பலகைக்கும் விளம்பரத்துக்கும் செலவிடும் சிரத்தையில் ஒரு பகுதியைத் தம் உறையின் மூலைக்கும் கொடுக்க வேண்டும்: உண்மையான கதவு எண், தெரு, ஊர், பின்கோடு, பொறுப்பான பிரிவின் பெயர், அங்கே வரும் கடிதத்தை வாங்கி வாசித்துப் பதில் எழுதுவதற்கு என்று நியமித்த ஓர் ஆள். இவ்வளவையும் செய்து வைக்கும் நிறுவனத்தோடு, அதன் முதலாளியை ஒருநாளும் நேரில் பார்த்திராதவரும் தைரியமாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.